பெயர் கிழிக்கப்பட்ட பாத்திரம்

அத்தியாயம் பதினொன்று

பின்வாசல் படியில் ஒரு பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு வெர்னா திகைத்து நின்ற இடத்தில் போன வாரம் நிறுத்தினேன். அதை அங்கே வைத்தது யார் என்று தபாலாபீஸிலும் கடைத்தெருவிலும் என்னை மறித்துக் கேட்டவர்களுக்கு இந்த வாரம் பதில் இருக்கிறது. தெரிந்துகொண்டு யாரும் சந்தோஷப்படப் போவதில்லை என்பதை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இடையில் வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வார்த்தை. வெர்னாவின் புருஷன் ஆர்விட் ஹவுகன் எங்கள் ஓல்சன் ஃபால்ஸ் உயர்நிலைப் பள்ளியில் சரித்திர வாத்தியார். கல்யாணமான புதிதில், உள்நாட்டுச் சண்டையில் சிக்கிய ஸ்பெயின் நாட்டுக் குழந்தைகளுக்குப் பால் பவுடர் அனுப்புவதற்காகத் தெருத்தெருவாக உண்டியல் குலுக்கினார். அப்போது அதற்குத் தர்மம் என்று பெயர். இப்போது, 1953-ல், அதற்குக் கம்யூனிசம் என்று பெயர். விசாரணைக் கமிட்டி ஒன்று அவரைத் தலைநகருக்குக் கூப்பிட்டு, கூடவே உண்டியல் குலுக்கியவர்கள் யார் யார் என்று கேட்டது. "என்னைப் பத்தி எது வேணும்னாலும் கேளுங்க. மத்தவங்க பேரைச் சொல்ல மாட்டேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தார். அன்றிலிருந்து மூன்று வாரமாக வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்.

வருகிற செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடப் போர்டு கூடி, அவரை வைத்துக்கொள்வதா அனுப்பிவிடுவதா என்று ஓட்டெடுக்கப் போகிறது. இரண்டு பேர் இந்தப் பக்கம், இரண்டு பேர் அந்தப் பக்கம். மிச்சம் இருப்பவர் வெண்ணெய் ஆலை முதலாளி ஹால்வர் ட்வெட்டன். அவர் வாயே திறக்கவில்லை.

எங்கள் ஊரில் யாரும் யாரையும் திட்டுவதில்லை. வீட்டுப் பக்கம் வருவதை நிறுத்திவிடுவார்கள், அவ்வளவுதான். ஒரு வீட்டில் சாவு, சீக்கு, பிரசவம் எது நடந்தாலும் அன்று மாலைக்குள் மூடி போட்ட பாத்திரங்கள் வந்து இறங்கும். கோழியும் அரிசியும், மாட்டுக்கறியும் உருளைக்கிழங்கும் என்று சுடச்சுட இருக்கும். ஒவ்வொன்றின் அடியிலும் பிளாஸ்திரி ஒட்டி, கொண்டுவந்தவளின் பெயர் எழுதியிருக்கும். வெர்னாவின் அம்மா இறந்தபோது வைக்க இடமில்லாமல் பாத்திரங்களை வராந்தாப் பனியில் அடுக்கினார்கள். ஆனால் இந்த மூன்று வாரத்தில் ஒரு கிண்ணம் கூட அந்த வீட்டுப் படியேறவில்லை. தெருவிலேயே முதலில் டெலிவிஷன் வாங்கிய வீடு அது. போன செவ்வாய் புது ஜனாதிபதி பதவியேற்றதைப் பார்க்க ஊரே போர்டு மெம்பர் ஸ்டென்ருட் வீட்டுக்குப் போயிற்று. ஆர்விட் தன் வீட்டில் தனியாக உட்கார்ந்து பார்த்தார்.

அப்படியிருக்கையில்தான் வியாழக்கிழமை காலையில் அந்தப் பாத்திரம் வந்தது. உள்ளே கோழிக்கறியும், எங்கள் ஏரிகளில் தானாக விளைகிற அரிசியும், ஆவி பறக்க. வெர்னா அதைத் தலைக்கு மேல் தூக்கி அடியைப் பார்த்தாள். பிளாஸ்திரியைப் பிய்த்து எடுத்திருந்தார்கள். பிசின் மட்டும் கறுப்பாக ஒட்டிக்கொண்டிருந்தது.

* * *

ஞாயிற்றுக்கிழமை காலை. தேவாலயத்தில் வருடாந்தரப் பொதுக்கூட்டம். ஆராதனை முடிந்ததும் கீழ்த்தளத்தில் எல்லோரும் கொண்டுவந்ததைப் பகிர்ந்து சாப்பிடும் விருந்து.

"இன்னிக்குப் போய்த்தான் ஆகணுமா?" என்று ஆர்விட் கேட்டார். சட்டை போட்டிருந்தார். டை கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

"போகலன்னா, பயந்துட்டாங்கன்னு சொல்வாங்க."

"போனா?"

"என்ன நெஞ்சழுத்தம் பாருன்னு சொல்வாங்க. ரெண்டுல இது மேல். சாப்பாடாவது கிடைக்கும்."

வெர்னா அந்தப் பாத்திரத்தைக் கழுவித் துடைத்து மேஜையில் வைத்திருந்தாள். முந்தின நாள் சுட்ட க்ரிங்லாக்களை எடுத்து அதற்குள் அடுக்க ஆரம்பித்தாள். க்ரிங்லா எங்கள் ஆட்களின் இனிப்பு பிஸ்கோத்து. மற்றவர்கள் எட்டு மாதிரி வளைத்துவிட்டுப் போய்விடுவார்கள். வெர்னா மட்டும் தன் தாய்வழி வழக்கப்படி மூன்று சுற்று முறுக்கிப் பின்னல் போல முடிவாள். ஊரில் வேறு யாருக்கும் அந்தக் கை வராது.

"இது எதுக்கும்மா?" என்று மகள் மார்லிஸ் கேட்டாள். பதினோராம் வகுப்புப் படிக்கிறாள்.

"திருப்பிக் குடுக்கத்தான். சாப்பாடு முடிஞ்சதும் ஆள் தெரியாத பாத்திரத்தையெல்லாம் சமையல்கட்டு ஜன்னல்கிட்ட அடுக்கிடுவாங்க இல்ல, அதோட சேர்த்து இதையும் வெச்சிடறேன். வெச்சவ எவளோ, போகும்போது சத்தமில்லாம எடுத்துக்கிட்டுப் போயிடுவா."

"அப்ப வெறும் பாத்திரத்தை வெச்சிட்டு வரவேண்டியதுதானே."

"வெறும் பாத்திரத்தை எந்த வீட்டுப் பொம்பளை திருப்பிக் குடுப்பா? என்னை யாருன்னு நினைச்சே?"

மார்லிஸ் அந்தப் பாத்திரத்தை ஒரு தடவை பார்த்தாள். கோட்டை எடுக்க மாடிக்குப் போனாள்.

அவள் போனதும் ஆர்விட் டையைக் கட்டிக்கொண்டே சொன்னார். "வெச்சவங்க யாரா இருந்தாலும் நல்ல மனசுக்காரங்க."

"நல்ல மனசுதான். பேரைக் கிழிச்சுட்டு வெக்கிற அளவுக்கு நல்ல மனசு."

"பயம் இருக்காதா வெர்னா?"

"எனக்கு இல்லையா பயம்?" வெர்னாவின் குரல் உயரவில்லை. அவள் கோபம் இரண்டாவது வாரமே தீர்ந்துபோயிற்று. அதற்கப்புறம் அவளிடம் இருந்தது அசதி மட்டும்தான். காலையில் எழுந்திருக்கும்போதே அசதியாக இருந்தது. "உன்கூட இருந்தவங்க மொத்தம் நாலு பேரு. நீ உண்டியல் குலுக்கினே, நான் காப்பி ஊத்தினேன். எனக்கும் தெரியும் அந்த நாலு பேரை. ஒருத்தன் செத்தே போயிட்டான். செத்தவன் பேரைச் சொன்னா அவனுக்கென்ன போச்சு?"

"அவன் சம்சாரம் மில்வாக்கில பள்ளிக்கூடத்துல வேலை பாக்கறா."

"இங்கயும் ஒரு சம்சாரம் இருக்கா, ஆர்விட்."

அவர் டையைக் கட்டி முடித்தார். சரியாக வரவில்லை. அவிழ்த்து மறுபடி கட்டினார்.

வெர்னா கடைசி க்ரிங்லாவையும் வைத்து மூடியைப் போட்டு மூடினாள். தான் செய்வது மரியாதை என்றே அவள் நினைத்தாள். எங்கள் ஊர்ப் பெண்கள் யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். அதனால் அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

* * *

ஆராதனையைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. பாஸ்டர் லிண்டால் அண்டை அயலாரை நேசிப்பது பற்றி எந்த அண்டை வீட்டாரையும் பார்க்காமல் பிரசங்கம் செய்தார். பொதுக்கூட்டத்தில் கூரைப் பழுது பற்றிப் பேசினார்கள். அப்புறம் எல்லோரும் கீழே இறங்கினார்கள்.

கீழ்த்தளத்தில், எங்கள் வழக்கப்படி முட்டை அடித்துக் காய்ச்சிய காப்பி வாசனை. நீளமான மேஜைகளில் பச்சை ஜெல்லிக்குள் கேரட் துருவல் நடுங்கிக்கொண்டிருந்தது. ஹவுகன் குடும்பம் உட்கார்ந்த மேஜையில் எதிரிலும் பக்கத்திலும் நாற்காலிகள் காலியாகவே இருந்தன. கிழட்டு நெல்ஸ் மட்டும் தட்டோடு வந்து ஆர்விட் பக்கத்தில் உட்கார்ந்து தன் பசுவின் மடிவீக்கத்தைப் பற்றிப் பேசினார். அவருக்குக் காது கேட்காது. ஊர் வம்பு அவர்வரைக்கும் போய்ச் சேரவில்லை.

வெர்னாவுக்கு அந்தப் பசு கதை கேட்க இதமாக இருந்தது. மூன்று வாரத்தில் ஒருவர் அவர்களிடம் முகம் பார்த்துப் பேசுவது அதுதான் முதல் தடவை.

ஆக்னெஸ் ட்வெட்டன் காப்பிக் கெண்டியோடு மேஜை மேஜையாக வந்தாள். ஹால்வரின் மனைவி. சன்னமான உருவம், சன்னமான குரல். அவள் மூத்த பையன் ஓர்வில் கொரியாச் சண்டையில் இருக்கிறான். ஹவுகன் மேஜைக்கும் வந்து ஊற்றினாள்.

"பால் வேணுமா, மிசஸ் ஹவுகன்?"

"வேண்டாம், மிசஸ் ட்வெட்டன். நன்றி."

அவ்வளவுதான் பேச்சு. அடுத்த மேஜைக்குப் போய்விட்டாள்.

சாப்பாடு முடிந்து பெண்கள் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்த நேரத்தில் வெர்னா பையிலிருந்து பாத்திரத்தை எடுத்துப் போய் ஜன்னல் பக்கத்தில் மற்ற பாத்திரங்களுக்கு நடுவில் வைத்தாள். யாரும் கவனிக்கவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்தபோது தோளிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது போல இருந்தது.

அங்கே மாதர் சங்கத்துக்குத் தலைவி மிசஸ் ஸ்டென்ருட். ஆர்விட்டை அனுப்பு என்று சொல்லும் இரண்டு பேரில் ஒருவர் இவள் புருஷன். அதற்காக அவளைக் கெட்டவள் என்று நினைத்துவிடாதீர்கள். யார் வீட்டில் பிரசவம் என்றாலும் முதல் ஆளாக வந்து நிற்பவள். அவள் தம்பி பையன் போன வருஷம் கொரியாவில் செத்துப்போனான். அதற்கப்புறம் அவளுக்குக் கம்யூனிஸ்ட் என்ற வார்த்தை காதில் விழுந்தாலே ஆகாது.

அவள் ஜன்னல் பக்கம் வந்து பாத்திரங்களை ஒவ்வொன்றாகத் தூக்கி அடியில் பெயர் பார்த்துக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். இந்தப் பாத்திரத்தைத் தூக்கினாள். கனத்தது. சாப்பாடு மிச்சமிருக்கிறது போலிருக்கிறது, கெட்டுப்போய்விடுமே என்று மூடியைத் திறந்தாள்.

"இது வெர்னாவோட க்ரிங்லா ஆச்சே" என்றாள்.

சாதாரணமாகத்தான் சொன்னாள். பிறகு பாத்திரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அடியில் பெயர் இல்லை என்பதையும் பார்த்தாள். அவள் முகத்தில் ஒவ்வொன்றாகப் புரிவது மேஜையிலிருந்தே வெர்னாவுக்குத் தெரிந்தது. வெர்னாவின் க்ரிங்லா, வெர்னாவின் பாத்திரம் இல்லை. அப்படியென்றால் வெர்னா யாருக்கோ திருப்பிக் கொடுக்கிறாள். அப்படியென்றால் யாரோ ஒருத்தி அந்த வீட்டுக்குச் சாப்பாடு கொடுத்திருக்கிறாள்.

"யாருது இது?" என்று சத்தமாகக் கேட்டாள்.

கழுவுகிற சத்தம் நின்றது.

"வெர்னா, இது யாருது?"

வெர்னா எழுந்து நின்றாள். "தெரியாது. படியில இருந்தது. பேர் இல்ல."

அது உண்மை. ஆனால் சொல்லி முடிக்கும்போது அவள் கண் தற்செயலாக ஆக்னெஸ் மேல் விழுந்தது. ஆக்னெஸ் கெண்டியைச் சாய்த்தபடி நின்றுகொண்டிருந்தாள். கோப்பை நிறைந்து, தட்டு நிறைந்து, காப்பி மேஜை விரிப்பில் ஓடிக்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை. பக்கத்தில் ஹால்வர் ட்வெட்டன் தன் இரண்டு கைகளையும் மேஜை மேல் வைத்து, அந்தப் பாத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தான் தினமும் சாப்பிடுகிற பாத்திரத்தை மனிதனுக்கு அடையாளம் தெரியாதா?

 பாத்திரம் யாருடையது என்று இப்போது வெர்னாவுக்குத் தெரிந்துவிட்டது.

"பேர் இல்லாத பாத்திரம் நம்ம ஊர்ல கிடையாது" என்றாள் மிசஸ் ஸ்டென்ருட். "யாரோ பேரைப் பிச்சிருக்காங்க. நல்ல காரியம் செஞ்சா எதுக்குப் பேரைப் பிக்கணும்?"

"போகட்டும், மிசஸ் ஸ்டென்ருட்" என்றார் பாஸ்டர் லிண்டால். தைரியத்துக்கு அவரிடம் பஞ்சம். ஆனாலும் பாத்திரத்துக்குள் கைவிட்டு ஒரு க்ரிங்லாவை எடுத்துக் கடித்தார். "ரொம்ப நல்லாருக்கு" என்றார். அவரால் முடிந்தது அவ்வளவுதான்.

"போகட்டும்னு விட முடியாது பாஸ்டர். செவ்வாய்க்கிழமை ஓட்டெடுப்பு இருக்கு. யார் யார் பக்கம்னு எல்லாருக்கும் தெரியணும். என் தம்பி பையன் யாருக்காகச் செத்தான்?" அவள் குரல் உடைந்தது. அதை மறைக்கப் பாத்திரத்தை மார்போடு அணைத்துக்கொண்டு முதல் மேஜைக்குப் போனாள். "ஒவ்வொருத்தரா கேட்டுடறேன். உன்னுதா?"

"இல்ல."

"உன்னுதா?"

"என்னுது இல்ல."

"உன்னுது?"

"ஐயோ, என்னுது நீலக் கலர். உனக்கே தெரியுமே."

ஒவ்வொரு பெண்ணும் நிஜத்தைத்தான் சொன்னாள். ஆனாலும் சொல்லும்போது தலையைக் குனிந்துகொண்டாள். மிசஸ் ஸ்டென்ருட் அடுத்த மேஜைக்கு வந்தாள். அதற்கடுத்தது ட்வெட்டன் மேஜை.

வெர்னா கணக்குப் போட்டுப் பார்த்தாள். ஆக்னெஸால் பொய் சொல்ல முடியாது. அதுவும் தேவாலயத்தில், பையன் சண்டையில் இருக்கும்போது. அவளுக்கு அந்தத் தெம்பு கிடையாது. ஆமாம் என்று சொன்னால் நாளைக்கே பாதிக் குடியானவர்கள் தங்கள் பாலை ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஆலைக்குக் கொண்டுபோய்விடுவார்கள். கொரியாவில் இருக்கிற பையனுக்கும் யாராவது எழுதிப் போடுவார்கள், உன் அம்மா சிவப்புக்காரனுக்குச் சோறு போட்டாள் என்று.

"நிறுத்துங்க" என்றாள் வெர்னா.

மிசஸ் ஸ்டென்ருட் திரும்பினாள்.

"யாரையும் கேக்க வேண்டாம். யாருதுன்னு எனக்குத் தெரியும்."

"இப்பத்தானே தெரியாதுன்னே."

"அப்பத் தெரியாது. இப்பத் தெரியும்."

"அப்ப சொல்லு. பேரு ஒண்ணுதானே கேக்கறேன். சொல்லிட்டா முடிஞ்சுது. யாரும் யாரையும் ஒண்ணும் செஞ்சிடப் போறதில்ல."

வெர்னா இந்தப் பேச்சை முன்பே கேட்டிருக்கிறாள். கமிட்டி சொன்னது இதுதான் என்று ஆர்விட் சொல்லியிருக்கிறார். அதைவிட மோசம், மூன்று வாரமாகத் தானே அவரிடம் சொல்லிக்கொண்டிருந்ததும் இதுதான். பேர்தானே, சொல்லிவிட்டுப் போயேன் என்று. அவளுக்கு வெட்கமாக இருந்தது. அதோடு பெரிய அசதியாகவும் இருந்தது. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"சொல்ல மாட்டேன்" என்றாள்.

"என்னது?"

"என்னைத் திட்டணும்னா திட்டுங்க, மிசஸ் ஸ்டென்ருட். சாப்பிட்டது நாங்க. அவங்க பேரைச் சொல்ல மாட்டேன்."

ஆர்விட் தலையைத் தூக்கி மனைவியைப் பார்த்தார். நெல்ஸ் அவர் முழங்கையைத் தட்டி, "என்னப்பா, என்ன சொல்றா?" என்று கேட்டார். 

பாத்திரத்தை மிசஸ் ஸ்டென்ருட் அங்கேயே வைத்துவிட்டுச் சமையல்கட்டுக்குள் போனாள். அதை அப்புறம் யாரும் தொடவில்லை. கொஞ்ச நேரத்தில் எல்லோரும் ஒரே சமயத்தில் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்கள்.

* * *

கோட் மாட்டுகிற அறை குறுகலானது. ஈரக் கம்பளி வாசனை அடிக்கும். எல்லோரும் போகட்டும் என்று வெர்னா காத்திருந்துவிட்டுக் கடைசியாகப் போனாள். உள்ளே ஆக்னெஸ் மட்டும் நின்றிருந்தாள். கையுறையைப் போட்டுக்கொண்டு, கழற்றி, மறுபடி போட்டுக்கொண்டிருந்தாள்.

நன்றி சொல்லப் போகிறாள் என்று வெர்னா நினைத்தாள். மூன்று வாரத்தில் முதல் தடவையாக, தான் ஒரு காரியத்தைச் சரியாகச் செய்துவிட்டதாக அவளுக்குத் தோன்றியிருந்தது.

"எதுக்குத் திருப்பிக் கொண்டுவந்தீங்க?" என்றாள் ஆக்னெஸ்.

வெர்னா கோட்டை எடுக்க நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள்.

"பிளாஸ்திரியை நான் எதுக்குப் பிச்சேன்? அது வேண்டாம், வெச்சுக்குங்கன்னுதானே. என் பையனை ராத்திரி பகலா உக்காரவெச்சு சொல்லிக்குடுத்து பாஸ் பண்ண வெச்சவரு உங்க வீட்டுக்காரரு. நான் ஒரு பாத்திரம் கூடக் குடுக்கக் கூடாதா?"

"யாருன்னு தெரியாம... நான் மரியாதைக்குத்தான்..."

"தெரியும். நானா இருந்தாலும் வெறும் பாத்திரத்தைக் குடுத்திருக்க மாட்டேன்." ஆக்னெஸ் சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை. "நேத்துதான் ஹால்வர் சரின்னு சொன்னாரு. மூணு வாரமா சொல்லிச் சொல்லி, நேத்துதான் இறங்கி வந்தாரு. உங்க பக்கம் கை தூக்கறேன்னாரு."

வெர்னா சுவரில் சாய்ந்துகொண்டாள். "இப்ப?"

"இப்ப எப்படித் தூக்குவாரு? அவரு உங்க பக்கம் தூக்கினா, பாத்திரம் யாருதுன்னு ஊருக்கே தெரிஞ்சுடுமே. படிக்கட்டுல ஏறும்போதே என் காதுல சொல்லிட்டாரு. வேற வழி இல்லையாம். உங்களுக்கு எதிராத்தான் போடணுமாம்."

வெளியில் கார்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பும் சத்தம் கேட்டது.

"என் பேரைச் சொல்லாம இருந்தீங்க" என்றாள் ஆக்னெஸ். "அதுக்கு நன்றி. அதனால எதுவும் மாறப்போறதில்ல. ஆனாலும் நன்றி."

கதவைத் திறந்துகொண்டு போய்விட்டாள். வெர்னா இன்னும் கொஞ்ச நேரம் அந்தக் காலிக் கொக்கிகளுக்கு நடுவில் நின்றாள். அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். அதற்குக் கூடத் தெம்பு இல்லை.

* * *

ஆர்விட் காரைத் துடைத்துத் தயாராக வைத்திருந்தார். மார்லிஸ் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தாள். வெர்னா ஏறிக் கதவைச் சாத்தினாள். கண்ணாடியின் உள்பக்கம் முழுக்க மூச்சு உறைந்து பனி பூத்திருந்தது. வெளியே ஒன்றும் தெரியவில்லை.

"செவ்வாய்க்கிழமை நமக்கு நடக்காது" என்றாள்.

"எப்படித் தெரியும்?"

"தெரியும்."

"யார் சொன்னா?"

வெர்னா அவரைத் திரும்பிப் பார்த்தாள். "கேக்காதே, ஆர்விட்."

அவர் கேட்கவில்லை. கேட்கிற யோக்கியதை தனக்கு இல்லை என்று அவருக்குத் தெரியும். வேலை போய்விட்டது என்பதும் அப்போதே அவருக்குப் புரிந்துபோயிற்று. ஆனால் கோபம் வரவில்லை. கையுறை போட்ட கையை நீட்டி அவள் கையைப் பிடித்தார்.  இந்த மூன்று வாரத்தில் அவர்கள் ஒருவரையொருவர் தொட்டதில்லை.

"நான் கெடுத்துட்டேன்" என்றாள் வெர்னா. "ஒரு டஜன் க்ரிங்லாவால கெடுத்துட்டேன்."

"நான் கெடுத்ததைவிடவா?"

"மூணு வாரமா உன்னைப் பிடுங்கி எடுத்தேன், பேரைச் சொல்லு, பேரைச் சொல்லுன்னு."

"ஆமா."

"இனிமே கேக்கல."

ஆர்விட் தலையை ஆட்டிவிட்டு, வண்டியைக் கிளப்பச் சாவியைத் தொட்டார்.

"எனக்கும் தெரியும்" என்றாள் மார்லிஸ் பின்னாலிருந்து.

ஆர்விட்டின் கை சாவியிலேயே நின்றது.

"போன கோடை லீவு முழுக்க அவங்க வீட்டுல சின்னப் பசங்களைப் பாத்துக்கிட்டேன் இல்ல? அந்தப் பாத்திரத்தைத் தினமும் நான்தான் கழுவினேன். வியாழக்கிழமை பாத்தவுடனே தெரிஞ்சுது. சொன்னா ஏதாவது ஆகுமோன்னு சொல்லல."

"நல்லதாப் போச்சு" என்றாள் வெர்னா. "யார்கிட்டயும் சொல்லாதே."

"டார்லீன் ஸ்டென்ருட்டுக்குத் தெரிஞ்சுபோச்சும்மா."

"என்னன்னு?"

"யாருதுன்னு தெரியாது. ஆனா எனக்குத் தெரியும்னு தெரிஞ்சுபோச்சு. அவங்கம்மா பாத்திரத்தைத் தூக்கினப்போ என் மூஞ்சியைத்தான் பாத்துக்கிட்டிருந்தா. இப்ப வெளியில வந்து கேட்டா."

"நீ என்ன சொன்னே?"

"ஒண்ணும் சொல்லல. நாளைக்குச் சொல்லுன்னுட்டுப் போயிட்டா." மார்லிஸ் கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டாள். "சொன்னா பள்ளிக்கூடத்துல மத்தியானம் அவங்க மேஜையில வந்து உக்காரலாமாம்."

வெர்னா பின்னால் திரும்பினாள். "ஏன், இப்ப எங்க உக்காரறே?"

மார்லிஸ் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு பேசினாள். "மூணு வாரமா தனியாத்தாம்மா சாப்பிடறேன். தட்டை எடுத்துக்கிட்டுப் போய் உக்காந்தா எல்லாரும் எழுந்து வேற மேஜைக்குப் போயிடறாங்க. வெள்ளிக்கிழமை ஒருத்தி அவ தட்டை அப்படியே விட்டுட்டுப் போனா. உங்ககிட்ட சொல்ல வேண்டாம்னு இருந்தேன். உங்களுக்கே நிறைய இருக்கு."

 வீட்டில் வெர்னாவும் ஆர்விட்டும் தங்கள் கஷ்டத்தையே பேசிப் பேசி மாய்ந்துகொண்டிருந்தார்கள். தினமும் மாலையில் வந்து, பசிக்கலைம்மா, மத்தியானமே வயிறு நிறையச் சாப்பிட்டேன் என்று சொன்ன பெண்ணை ஒரு தடவை கூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

"இன்னும் ஒண்ணரை வருஷம் இருக்கு இங்க" என்றாள் மார்லிஸ். "அப்பாவுக்கு எப்படியும் வேலை போயிடும்னு சொல்றீங்க. அப்புறம் யாருக்காகச் சொல்லாம இருக்கணும்?"  அப்பாவின் பிடரியைப் பார்த்துக் கேட்டாள். "நான் நாளைக்கு எங்க உக்காரட்டும்பா?"

ஆர்விட் சாவியிலிருந்து கையை எடுத்துவிட்டார். கமிட்டி கேட்டபோது அவருக்குப் பதில் சட்டென்று வந்தது. இப்போது அவர் கையுறையால் கண்ணாடியில் பூத்த பனியைத் துடைத்தார், துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார்.